கல் மண்டபத்தில் பத்து நிமிடம்

முதல் படகு திரும்பி வந்ததும், முழங்காலில் பட்டை கட்டியிருந்த பெரியவர் ஒருவர் மிதவை ஜாக்கெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "உங்க கைடு பிரமாதம்மா. அந்த மனுஷனை விட்டுடாதீங்க" என்றார்.

"சரிங்கய்யா, சொல்றேன்" என்று மேஜைக்குப் பின்னால் நின்ற அவளும் வாய்நிறையச் சிரித்தாள். பத்து வாரம் மூடிக் கிடந்த படகுத்துறை அன்று காலையில்தான் திறந்திருந்தது. யார் எதைப் புகழ்ந்தாலும் சிரித்துவைக்கச் சொல்லி மேனேஜரின் உத்தரவு. ஜாக்கெட்டை ஏழாம் எண் கொக்கியில் மாட்டிவிட்டுத் திரும்பிய பிறகுதான் அது உறைத்தது. அந்தப் படகுக்குக் கைடு கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

துறையில் அவளை எல்லோரும் ஜாக்கெட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வரும் பெண்கள் அதைக் கேட்டுவிட்டு, "பின்பக்கம் ஜன்னல் வெச்சுத் தைப்பீங்களா?" என்று விசாரித்ததும் உண்டு. படகில் ஏறுகிறவர்களுக்கு மிதவை ஜாக்கெட் மாட்டிவிடுவது, இறங்கியதும் வாங்கி வைப்பது, இதுதான் வேலை. முப்பது ஜாக்கெட், முப்பது கொக்கி. தலையை எண்ணாதே, ஜாக்கெட்டை எண்ணு என்பது மேனேஜர் போட்ட சட்டம். ஊர் சுற்ற வந்தவன் ஓர் இடத்தில் நிற்கமாட்டான். எண்ணி முடிப்பதற்குள் மூன்று பேர் கழிப்பறைக்கும் நான்கு பேர் டீக்கடைக்கும் போயிருப்பார்கள். ஜாக்கெட் எங்கேயும் போகாது. கொடுத்ததெல்லாம் கொக்கிக்கு வந்துவிட்டால் ஆட்களும் வந்துவிட்டார்கள். நோட்டில் 'அனைவரும் இறங்கினர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்தச் சுற்று முடிந்தது. பதினோரு வருடத்தில் ஒருமுறைகூடத் தப்பியதில்லை என்று மேனேஜர் பெருமையடித்துக்கொள்வார். ஒருமுறை தப்பியதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

படகை ஓட்டுகிறவன் அவள் கணவன். இருபுறமும் மரங்கள் கவிந்த கால்வாய்க்குள் நாற்பது நிமிடம், பிறகு ஏரி, ஏரிக்கு நடுவே தண்ணீரிலிருந்து எழுந்து நிற்கும் பழைய கல் மண்டபத்தில் பத்து நிமிடம், அங்கிருந்து நேராகத் துறைக்குக் கால் மணி நேரம். மண்டபத்தில் இறங்கும்போது எல்லோரும் ஜாக்கெட்டைக் கழற்றி இருக்கையில் போட்டுவிடுவார்கள். அந்த ஆரஞ்சு நிறம் புகைப்படத்தைக் கெடுத்துவிடுகிறதாம். மண்டபம், சங்கீதப் பைத்தியமான ஓர் அரசி உட்கார்ந்து பாட்டுக் கேட்பதற்காகக் கட்டியது என்று துறையில் ஒரு பலகை எழுதி வைத்திருந்தார்கள். அதற்குமேல் அந்த மண்டபத்தைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. அங்கே அவள் போனதே இல்லை.

மதியப் படகில் போய்வந்த ஒரு புதுப்பெண், கணவனின் சட்டை நுனியைப் பிடித்தபடியே வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"அந்தக் கதையைக் கேட்டதுலேர்ந்து மனசே சரியில்லக்கா. ஒரு மனுஷனை அப்படியா விட்டுட்டு வருவாங்க?"

"எந்தக் கதைம்மா?"

"அதான், யாரோ ஒருத்தரை மண்டபத்துல மறந்துட்டு வந்துட்டாங்களாமே. மறுநாளே வெள்ளமாம். தண்ணி எப்ப எந்தப் படிக்கு வந்துச்சுன்னு விரலை வெச்சுக் காட்டறார் உங்க கைடு. நேர்ல பார்த்த மாதிரி."

"எந்த ராஜா காலத்துலயாம்?" என்று கேட்டாள். கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"அதை அவர் சொல்லலை" என்றான் புதுப்பெண்ணின் கணவன். "ஆளு ஒரு மாதிரிக்கா. வெறுங்கால், சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சிருக்கு. ஆனா பேச ஆரம்பிச்சா நகர மனசு வரலை."

அவள் கையிலிருந்த ஜாக்கெட் நழுவித் தரையில் விழுந்தது. புதுப்பெண்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

துறை அலுவலகத்துக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறைதான் அவர்களுடைய வீடு. கம்பெனி கொடுத்தது. ஏரியைப் பார்த்த ஜன்னல் ஒன்று. அதை அவள் ஏறக்குறைய பத்து வாரமாகத் திறக்கவில்லை. கணவன் வந்து மண்ணெண்ணெய்த் துணியால் விரல் விரலாகக் கை துடைத்துக்கொண்டிருந்தான்.

"மண்டபத்துல யாராவது இருக்காங்களாங்க?"

"யார் இருப்பா?"

"வர்றவங்க எல்லாம் கைடு கைடுங்கறாங்க."

"நான் இறங்கறதில்ல."

"இறங்கலைன்னா என்ன, கண்ணுல படாமலா இருக்கும்?"

துடைத்த விரலையே அவன் மறுபடி துடைத்தான். "நான் அந்தப் பக்கம் பார்க்கறதில்ல" என்றான், மெதுவாக. அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. படகில் ஸ்டியரிங்குக்கு மேலே பின்பக்கம் பார்ப்பதற்காக ஒரு கண்ணாடி உண்டு. காலையில் படகு கிளம்பும்போது அது வானத்தைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

நடந்தது இதுதான். வெள்ள காலத்தில் மேலே அணை மதகைத் திறந்துவிடுவார்கள். பத்து வாரம் ஏரியில் படகு போகக்கூடாது. மூடுவதற்கு முந்தைய நாள், கடைசிச் சுற்றில், மழை பிடித்துக்கொண்டது. மழை நாளில் ஆட்கள் இறங்கியதும் தலைதெறிக்க ஓடுவார்கள் என்பதால் இருக்கைகளில் கிடக்கும் ஜாக்கெட்டை எல்லாம் கணவனே அள்ளி ஒரே கட்டாகக் கொண்டுவந்து போட்டுவிடுவான். போட்டான். முப்பதும் இருந்தன. அவள் மாட்டினாள், எழுதினாள், கையெழுத்துப் போட்டாள்.

அதற்கப்புறம்தான் செருப்பு ஸ்டாண்டைப் பார்த்தாள். படகில் விரிப்பு போட்டிருப்பதால் செருப்பைத் துறையிலேயே விட்டுவிட்டுப் போவது வழக்கம். ஒரு ஜோடி பழுப்பு ஷூ மட்டும் மிச்சமிருந்தது. உள்ளே காலுறைகள் உருண்டையாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. யாருடையது என்று அவளுக்குத் தெரியும். தனியாக வந்த கண்ணாடிக்காரர். ஜாக்கெட் மாட்டும்போது, "அங்க ஒரு தூண்ல யாழ் வாசிக்கிற பொண்ணு சிலை இருக்குமே, மூக்கு உடையாம இருக்கா?" என்று கேட்டார். நான் போனதில்லீங்க என்றாள். "இவ்வளவு பக்கத்துல இருந்துக்கிட்டா!" என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

ஆறரைக்கு மழை விட்டது. ஜன்னலைத் திறந்தால், ஏரி நடுவில், மண்டபம் இருக்கிற இடத்தில், ஒரு பொட்டு வெளிச்சம். எரிந்தது. அணைந்தது. எரிந்தது. கைபேசியின் விளக்காக இருக்கவேண்டும். அங்கே சிக்னல் கிடையாது. கணவனைக் கூப்பிட்டாள். இருவரும் ஜன்னலில் தோளோடு தோள் நின்று பார்த்தார்கள். அந்த வருடம்தான் அவன் படகைத் தூணில் இடித்திருந்தான். இன்னொரு தப்பு வந்தால் வேலையும் கிடையாது, வீடும் கிடையாது என்று மேனேஜர் எழுதியே கொடுத்திருந்தார். பூட்டிய படகை எடுக்க வேண்டுமென்றால் அவரிடம்தான் சாவி கேட்க வேண்டும்.

"விடியட்டும். நானே போய் சத்தமில்லாம கூட்டிட்டு வந்துடறேன்" என்றான்.

அவள் கையில் போன் இருந்தது. மேனேஜரின் எண் சுவரிலேயே எழுதியிருந்தது. அவள் "சரி" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான். சாப்பிட்டார்கள், படுத்தார்கள். அன்று அவள் நன்றாகத் தூங்கினாள். இன்றுவரை அவளால் செரிக்க முடியாதது அதுதான்.

விடிவதற்குள் மதகைத் திறந்துவிட்டார்கள். கணவன் எழுந்து போனபோது ஏரி செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டிருந்தது, துறை வாசலில் சங்கிலி போட்டுப் போலீஸ்காரர் ஒருவர் நின்றார். அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் காலையில் சொன்னால், ராத்திரி ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். மறுநாள் சொன்னால் முந்தின நாளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டாம் நாளும் வெளிச்சம் தெரிந்தது. மூன்றாம் நாளும் தெரிந்தது, மங்கலாக, முன்பைவிட உயரத்தில். நான்காம் நாள் தெரியவில்லை. அன்றைக்கு அவளுக்கு வந்தது துக்கமில்லை, நிம்மதி. கணவன் ஷூவுக்குள் கல்லைப் போட்டுக் கட்டித் தண்ணீரில் எறிந்துவிட்டு வந்தான். இருவரும் அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. வேறு எதைப் பற்றியும்கூட அதிகம் பேசவில்லை.

ஐந்தாம் நாள் அந்தக் கண்ணாடிக்காரரின் மனைவி வந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் நோட்டைப் புரட்டிக் கையெழுத்தைக் காட்டி, "எல்லாரும் இறங்கியிருக்காங்கம்மா. உங்க வீட்டுக்காரர் இங்கேர்ந்து தன் காலால நடந்து போயிருக்கார்" என்றார். நடந்து போனவர் எங்கே போயிருப்பார் என்பதை அக்கம்பக்கம் தானே முடிவுசெய்துகொண்டது. யாரோ ஒருத்தியோடு ஓடிவிட்டார்.

படகுத்துறை திறந்த இரண்டாம் நாள் அந்த மருந்துக்கடை அம்மா மறுபடியும் வந்துவிட்டாள். பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட புகைப்படத்தோடு, ஜாக்கெட் மேஜைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் எல்லாம் நீட்டிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். புடவையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அவர் அப்படி ஓடறவர் இல்லக்கா" என்றாள், யாரும் கேட்காமலே. "ஓடணும்னா சுறுசுறுப்பு வேணுமில்ல? வழியில ஒரு பழைய கல்லைப் பார்த்துட்டாப் போதும், அங்கேயே நின்னுடுவார். பக்கத்துல யாரோ எவரோ, புடிச்சு நிறுத்தி விளக்க ஆரம்பிச்சுடுவார். நான் கையைப் புடிச்சு இழுத்துட்டு வரணும்."

ஜாக்கெட் அக்கா முன்னால் அடுக்கியிருந்த ஜாக்கெட்டுகளை மறுபடி எண்ண ஆரம்பித்தாள்.

மதியப் படகு வந்து சேர்ந்தது. கல்லூரிப் பெண்கள் ஏழெட்டுப் பேர். இறங்கும்போதே ஒருத்தி பேச்சை விடாமல் பேசிக்கொண்டு வந்தாள். "நாலாவது நாள் விதானத்துக்குக் கீழ இருக்கற அந்தச் சின்னத் திட்டுல படுத்துக்கிட்டாராம்டி. சாவியால தூண்ல கோடு போட்டு வெச்சிருக்கார் பாரு, தண்ணி ஏற ஏற."

"எனக்கு அதுகூட இல்ல. கரையில ஒரு பொம்பளை நின்னு பார்த்துட்டே இருந்தாளாமே. அதுதான் தாங்கல. பார்த்துட்டு ஜன்னலைச் சாத்திட்டாளாம்!"

"அவளெல்லாம் நல்லா இருப்பாளா?"

"யாருன்னு கேட்டேன். சொல்லாம சிரிக்கறார்."

அவள் ஒவ்வொரு ஜாக்கெட்டாக வாங்கி மாட்டினாள். ஒன்றை வேறு எண் கொக்கியில் மாட்டிவிட்டு, எடுத்து மறுபடி மாட்டினாள். பெஞ்சிலிருந்த அம்மா எழுந்து வந்தாள்.

"அங்க கைடு இருக்காராக்கா?"

"இல்ல மேடம். அதெல்லாம் யாரும் இல்ல."

"இவங்க சொல்றாங்களே? அப்ப மண்டபத்துக்கு வர்றவங்க எல்லாரையும் பார்க்கறவராத்தான் இருக்கணும். இவ்வளவு நாள் அவர்கிட்ட கேக்கணும்னு தோணலையே எனக்கு." முகத்தில் பத்து வாரத்துக்கு அப்புறம் ஏதோ வெளிச்சம் வந்திருந்தது, அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. "நாளைக்கு நான் போறேன். போட்டோவைக் காட்டிக் கேட்கறேன்."

துறை திறந்த மூன்றாம் நாள் காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. மூன்று மணிப் படகுக்கு அந்த அம்மா வந்து வரிசையில் நின்றாள். ஜாக்கெட் மாட்டிவிடுவதற்காக அவள் குனிந்தபோது, அந்த அம்மாவின் கழுத்திலிருந்து பவுடரும் மருந்துக்கடையும் கலந்த ஒரு வாசனை வந்தது. மேல் பட்டை. நடுப் பட்டை. கீழ்ப் பட்டை.

"இன்னிக்கு வேண்டாம் மேடம். மழை வர்ற மாதிரி இருக்கு."

"நனைஞ்சாத்தான் என்னக்கா" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா ஏறிப்போனாள்.

படகின் கட்டை அவிழ்ப்பதற்குள் ஜாக்கெட் அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். முடிவு என்று சொல்வதுகூடப் பெரிய வார்த்தை. அங்கே போனதும் அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிடப் போகிறாள். வேறொரு வாயால் கேட்பதற்குமுன் தன் வாயால் சொல்லிவிட்டால், விடியற்காலையில் போவதாகத்தான் இருந்தோம் என்று அந்த ஒரு வரியையாவது சேர்த்துச் சொல்லலாம். உண்மையைச் சொல்லப் போகிற நேரத்திலும் தனக்கு ஒரு வரி வேண்டியிருக்கிறதே என்று தன்மேலேயே காறித் துப்பத் தோன்றியது. ஆனாலும் ஒரு ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு படகுக்குள் தாவினாள்.

"நீ எங்க வர்ற?" என்றான் கணவன்.

"வர்றேன்."

"இறங்குடி."

"மாட்டேன்."

இருபத்திரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு இன்ஜினைக் கிளப்பினான்.

கால்வாய் அழகாகத்தான் இருந்தது. பதினோரு வருடமாகப் பலகையில் மட்டும் பார்த்த அழகு. இருகரை மரங்களும் தலைக்குமேல் கைகோத்துக் கிடந்தன, பச்சை வெளிச்சம் எல்லோர் முகத்திலும் அசைந்தது, மீன்கொத்தி ஒன்று தண்ணீரைக் கிழித்துப் போனபோது படகே ஆவென்றது. மட்கிய இலையும் டீசலும் கலந்த வாசனை. படகின் அடியில் தண்ணீர் ஏதோ விரலால் தட்டுகிறதுபோல விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டு வந்தது. அவள் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மேடம் என்று ஆரம்பித்தாள். இன்ஜின் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை ஆரம்பித்தபோது கணவனின் பிடரி தெரிந்தது. நரைத்து, மெலிந்து, எந்தப் பக்கமும் திரும்பாமல் இருந்தது. சொன்னால் அது ஜெயிலுக்குப் போகும். கூடவே தானும்.

"செத்துட்டார்னு யாராவது சொல்லிட்டாக்கூட உக்காந்து அழுதுட்டு எழுந்திருச்சுடுவேன்க்கா" என்றாள் அந்த அம்மா, தண்ணீரைப் பார்த்தபடி. "ஓடிட்டார்ங்கறாங்க பாருங்க, அதுக்கு எப்படி அழறதுன்னே தெரியலை."

இரண்டு வார்த்தை போதும். இருபது நிமிடமாக அந்த இரண்டு வார்த்தை தொண்டையில் நின்றது.

கால்வாய் முடிந்தது. ஏரி. மரங்கள் விலகியதும் குளிர் வந்தது. மண்டபம் அவள் நினைத்திருந்ததைவிடச் சின்னது. பதினாறு தூண்கள். தூண்களில் விதானம் வரைக்கும் காய்ந்த வண்டல் கோடு. படகு படியில் இடித்து நின்றதும் எல்லோரும் ஜாக்கெட்டைக் கழற்றி இருக்கையில் போட்டுவிட்டு இறங்கினார்கள். கணவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எதிர்ப்பக்கத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கல் சில்லென்றிருந்தது. சேற்று வாசனை. பாசி வாசனை. அதற்கு அடியில், மூடியே வைத்த பாத்திரத்தைத் திறந்தால் வருமே, அது.

உள்ளேயிருந்து குரல் கேட்டது. சற்று மூக்கடைத்த, பொறுமையான, யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்து பேசுகிற குரல்.

"இந்தப் பக்கமா வாங்க. வெளிச்சத்தை மறைக்காதீங்க. மூக்கு இன்னும் உடையலை, பாருங்க."

அந்த அம்மா மூன்றாவது படியில் நின்றுவிட்டாள். புகைப்படம் கையிலிருந்து விழுந்து தண்ணீரில் மிதந்தது. எடுக்கவில்லை.

"மேடம். ஒரு நிமிஷம். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அந்த அம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். பத்து வாரத்தில் முதல்முறையாக முழுதாகப் பார்த்தாள்.

"பத்து வாரமா நீங்க நோட்டுல எழுதினதைத்தானே நம்பிட்டிருந்தேன்" என்றாள். "இப்ப அவர் சொல்றதைக் கேக்கறேன்."

போய்விட்டாள்.

அவளும் போனாள். கால்கள் போயின. உள்ளே அரை வட்டமாக ஆட்கள் நின்றிருந்தார்கள். நடுவில், தூணைப் பார்த்தபடி, முதுகு. நனைந்த சட்டை விலா எலும்பில் ஒட்டியிருந்தது. வெறுங்கால். குதிகால்கள் ரொம்ப நேரம் துணி துவைத்த கைபோல வெளுத்துச் சுருங்கியிருந்தன. யாரும் பயப்படவில்லை. தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"முதல் நாள் தண்ணி இங்க." விரல் கோட்டைத் தொட்டது. "ரெண்டாம் நாள் இங்க. மூணாம் நாள் சாயங்காலம் இங்க. அப்பவும் துறை நல்லாத் தெரிஞ்சது. ஜன்னல் தெரிஞ்சது. ஜன்னல்ல ரெண்டு பேர். ஒருத்தர் போயிட்டார். ஒருத்தர் ரொம்ப நேரம் நின்னாங்க."

"யார் சார் அது?" என்று யாரோ கேட்டார்கள்.

முதுகு திரும்பவில்லை. கை மட்டும் எழுந்தது. பின்பக்கமாக. நேராக அவளை நோக்கி.

எல்லோரும் திரும்பினார்கள். கோபமில்லை. சிலைகளைப் பார்த்தார்களே, அதே கண். அதே ஆர்வம். மரியாதையாக வழிவிட்டார்கள். இரண்டு கைபேசிகளும் அவள் பக்கம் உயர்ந்தன.

"கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்கம்மா" என்றார் ஒருவர்.

கடைசியாகத் திரும்பியது அந்த அம்மா.

"மிச்சத்தை அவங்களே சொல்லுவாங்க" என்றது குரல்.

சொல்லிவிட வேண்டும். இப்போது நிஜமாகவே அவளுக்குச் சொல்ல வேண்டும் என்றிருந்தது. தனக்கென்று அந்த ஒரு வரிகூட வேண்டாம். பார்த்தேன். தெரியும். தூங்கினேன். அவ்வளவுதான். வாயைத் திறந்தாள்.

சில்லென்று ஏதோ ஏறியது. வயிற்றிலிருந்து. நெஞ்சு. தொண்டை.

தண்ணீர்.

செம்மண் நிறம். சேற்று வாசனை. மோவாயில் வழிந்தது. மார்பில் வழிந்தது. கையால் பொத்தினாள். விரலிடுக்கில் பீறிட்டது. மூச்சு இழுத்தாள். அதற்கும் தண்ணீர்தான் வந்தது. உதடுகள் அசைந்தன. பார்த்தேன். தெரியும். ஒரு வார்த்தையும் வெளியே வரவில்லை. கல்தரையில் அது பரவி முன்வரிசைக்காரர்களின் காலைத் தொட்டது. அவர்கள் நனையாமல் ஒரு படி மேலே ஏறி நின்றுகொண்டார்கள். யாரும் கைபேசியைத் தாழ்த்தவில்லை.

மருந்துக்கடை அம்மா மட்டும் நகரவில்லை. அந்த ஈரத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முகத்தை நிமிர்த்தி, ஒரு சொல்லாவது வராதா என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வந்துகொண்டேயிருந்தது.